பிரேக் குச்சி எனக்கு வேணாம்

பூஞ்சேரி,
3.2.2025

பாசமுள்ள தங்கச்சி ஜெயப்பிரியாவுக்கு,

அண்ணன் ஹரி எழுதறேன். இங்க நைனா, அம்மா, நான் எல்லாரும் நல்லா கீறோம். எனக்கு தோள்பட்டை வலிதான் விடல, அம்மா தெனம் எண்ணெ தேச்சுவுடுது. உனக்கு அந்த ஆஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிச்சா? வயிறு எப்படி கீது?

இந்தக் காலத்துல லெட்டரான்னு சிரிக்காதே. வேற வழி வெச்சியா நீ? போன் போட்டா போவ மாட்டேங்குது. வாட்ஸப்புல ஒத்த டிக்கோட நிக்குது. ஜிபேல ஒரு ரூபா அனுப்பி அதுல மெசேஜ் எழுதினேன், அதையும் பிளாக் பண்ணிட்டே. நம்ம தனகோடி மாமா, நான் செதுக்கற பட்டறையிலேர்ந்து வண்டியில சிலை ஏத்திகினு வாரத்துக்கு ரெண்டு வாட்டி பொத்தேரி வழியாத்தான் போறாரு. அவர்கிட்ட இந்த லெட்டரும் ஒரு நீட்டு பொட்டியும் குடுத்து அனுப்பறேன். வாங்கிக்கோ. அவர்கிட்ட எகிறாதே, பாவம்.

பொட்டியில இருக்கறது பிரேக் குச்சி. ஏப்ரல்ல உனக்கு ஸ்டேட் செலக்‌ஷன் வருதுல்ல, எனக்கு ஞாபகம் கீது. பூல் டேபிள்ல மொத அடி அடிச்சு பந்துங்கள செதறவுடறதுக்கும் நீ ஆடற குச்சியவே வெச்சு சாத்தறே. அப்படி சாத்தினா தோல் முனை சப்பளிஞ்சு போவுதுன்னு அப்பறம் நீதான் பொலம்புவே. அதான் சாத்தறதுக்குன்னே தனியா ஒண்ணு. கடையில இருந்ததுலயே கனமானத எடுத்தேன், இருபத்தோரு அவுன்ஸ். அதுவும் பத்தாதுன்னு அடியில தொளை போட்டு ஈயம் ஊத்தி இருபத்தேழுக்கு கொண்டாந்துட்டேன். தூக்கிப் பாரு, எம்மாம் வெயிட்டுன்னு. ஒரே அடியில பந்தெல்லாம் பறக்கும்.

அன்னிக்கு நடந்தத மனசுல வெச்சுக்காதே. குடும்பம்னா இதெல்லாம் சகஜம். நேரத்துக்கு சாப்புடு.

உன் நல்லதையே நெனைக்கற அண்ணன்,
ஹரிஹரன்


பொத்தேரி,
9.2.2025

அண்ணாத்தைக்கு,

நான் உயிரோடதான் கீறேன். வயிறும் நல்லா கீது. நைனாவையும் அம்மாவையும் விசாரிச்சதா சொல்லு. உன் தோள்பட்டைய விசாரிக்கற நெலமையில நான் இல்ல.

அன்னிக்கு நடந்ததாமே! இன்னா நடந்துச்சு? மழை பேஞ்சுதா? கரெண்ட்டு போச்சா? உனக்கு எழுத கை வரலன்னா நான் எழுதறேன், படிச்சுக்கோ. ஜனவரி இருபத்தாறு, ஞாயித்துக்கிழமை. செங்கல்பட்டுலேர்ந்து திருநாவுக்கரசு குடும்பம் என்ன பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, அந்த ஞானம்மாள் அம்மா கேட்டாங்க, "பொண்ணு கிளப்புக்கெல்லாம் போயி பூல் ஆடுதாமே?"ன்னு. நைனா உன் மூஞ்சிய பாத்தாரு. நீ சிரிச்சுகினே சொன்னே: "அதெல்லாம் காலேஜ்ல சும்மா ஆடினதுங்க. விட்டுட்டா. குச்சியக் கூட யாருக்கோ குடுத்துட்டா." நான் சமையல்கட்டுல காபி டிரேயோட நின்னு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தேன்.

எனக்கு ஆட சொல்லிக் குடுத்தவன் நீ. பதினொண்ணாவது படிக்கசொல்லோ சீனு அண்ணன் பூல் கடைக்கு வண்டியில ஏத்திகினு போனவன் நீ. கோயம்புத்தூர், மதுரைன்னு போட்டிக்கெல்லாம் பஸ்ஸுல கூட வந்து வெளிய பெஞ்சுல தூங்கினவன் நீ. பத்து வருஷத்த ஒரே வார்த்தையில விட்டுட்டான்னு சொல்ல உனக்கு வாய் கூசல?

நானும் அன்னிக்கு வாயத் தொறக்காம காபி குடுத்தேன். அதுக்கு என்ன நானே செருப்பால அடிச்சுக்கணும். அது என் தப்பு, உனக்கு அதுல பங்கு வேணாம்.

நைனாவுக்கு பயந்துதானே சொன்னே? பயந்தாங்கொள்ளி! செங்கல்பட்டுக்குப் போ. சொன்ன வாயாலயே, "நான் சொன்னது பொய், என் தங்கச்சி ஆடறா, இனியும் ஆடுவா"ன்னு சொல்லிட்டு வா. நான் சொன்னா பொண்ணு வாயாடின்னு ஆவும், நைனா தலை குனிவாரு. நீ சொன்னா நீ ஒருத்தன் குனிஞ்சா போதும். நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லியாவணும். ஒரு பொய்ய இடுப்புல சொருவிகினு அந்த வூட்டுக்கு நான் வாழப் போவ மாட்டேன்.

உன் குச்சிய திருப்பி அனுப்பறேன். இருபத்தஞ்சு அவுன்ஸுக்கு மேல இருந்தா போட்டியில ரூலே ஒத்துக்காது. அத வுடு. கனமா இருந்தா பந்து ஓடும்னு உனக்கு எவன் சொன்னான்? கை வேகமா வந்தாதான் பந்து ஓடும். என் கைக்கு பதினெட்டு, பத்தொம்போதுதான் வேகமா வரும். தண்டு வளையக் கூடாது, முனை கெட்டியா இருக்கணும், அவ்ளோதான். நான் பாறை ஒடைக்கப் போவல.

தனகோடி மாமா பொட்டிய தூக்கிப் பாத்துட்டு, "இன்னாம்மா, கடப்பாரையா?"ன்னு கேட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது கூட உனக்குத் தெரியல.

கோவத்தோட,
ஜெயப்பிரியா


பூஞ்சேரி,
22.2.2025

அன்பு ஜெயாவுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. நீ சொகமா கீறேன்னு தெரிஞ்சதே போதும். நைனாவுக்கு ஒரு வாரமா இருமல். அம்மா எப்பவும் போல கீது. மாசி மகத்துக்குள்ள நாலு சிலை முடிச்சுக் குடுக்கணும், அதான் பதில் போட லேட்டு. தோள்பட்டை அப்படியேதான் கீது.

குச்சி விசயத்துல நீ சொன்னது ரொம்ப கரெக்ட்டு. எங்க பட்டறையிலயே பாரு, கல்லப் பொளக்கறதுக்குதான் சம்மட்டி. மூக்கு முழி செதுக்கணும்னா சின்ன சுத்திதான். எனக்கே தோணியிருக்கணும். இப்ப பதினெட்டரை அவுன்ஸுல வேற ஒண்ணு வாங்கிட்டேன். தண்டு கம்பி மாதிரி நிக்குது, வளையல.

முனை கெட்டியா இருக்கணும்னியே, அதுக்கு உன் அண்ணன் ஒரு வேல பண்ணியிருக்கான் பாரு! அந்தத் தோல பேத்துக் கடாசிட்டு, நம்ம உளிக்கு வெக்கற எஃகு முனைய லேத்துல உருண்டையா கடைஞ்சு, கல்லு ஒட்டற பேஸ்ட்டப் போட்டு ஒக்கார வெச்சுட்டேன். கருங்கல்லயே கொத்தற முனை. பந்து எம்மாத்திரம்? பத்து வருஷத்துக்கு தேயாது.

நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. வைகாசி நாலு, மே பதினெட்டு ஞாயித்துக்கிழமை. மாப்பிள்ளை விஷால் உன்ன பத்தி ரெண்டு வாட்டி விசாரிச்சாராம். கல்பாக்கத்துல ஆராய்ச்சி ஆபீஸ்ல வேல, தங்கமான பையன். மத்த விசயம் நேர்ல பேசிக்கலாம்.

என்னிக்கும் உன் அண்ணன்,
ஹரி


பொத்தேரி,
2.3.2025

அண்ணாத்தைக்கு,

நான் நல்லா கீறேன். நைனாவ தண்ணி காயவெச்சு குடிக்கச் சொல்லு, வயல்ல காலங்காத்தால போயி நிக்க வேணாம்னு சொல்லு.

நீ மனுசனா, இல்ல நீயும் கல்லா? கெட்டின்னு எழுதினா எஃகு வெக்கறியா! சாராள்னு என் ரூம்ல ஒரு பொண்ணு கீது, தூத்துக்குடிக்காரி. அது அந்த முனைய பாத்துட்டு கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் கோவம் டபுளா வந்துச்சு.

நான் ஆடற கடைக்கு அத எடுத்துகினு போனது என் புத்திகெட்டதனம். அங்க ஒருத்தரு சும்மா பாக்கறேன்னு வாங்கி ஒரு சாத்து சாத்தினாரு. வெள்ள பந்துல பொக்கை விழுந்துருச்சு. ஓனரு என்ன ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராதேம்மான்னுட்டாரு. செலக்‌ஷனுக்கு ஒன்றரை மாசம் கீது, ஒரு வாரம் பிராக்டிஸ் போச்சு, உன் கைங்கரியத்துல. கெட்டின்னா சுவிட்சு போர்டு செய்வாங்களே பேக்கலைட்டு, அந்த மாதிரி கெட்டி. உளி இல்ல. கேட்டிருக்கலாம்ல? நீ யாரையும் எதையும் கேக்க மாட்டே. நீயே முடிவு பண்ணுவே, நீயே செஞ்சுடுவே, நீயே எல்லாருக்கும் பதிலும் சொல்லிடுவே.

உன் லெட்டர்ல குச்சி பத்தி ரெண்டு பாரா. செங்கல்பட்டு பத்தி, "மத்த விசயம் நேர்ல பேசிக்கலாம்." எந்த மூஞ்சிய வெச்சிகினு நேர்ல பேசுவே?

மாப்பிள்ளைய பத்தி எழுதறியே, கேளு. அவரு என்கிட்ட பத்து நிமிசம் தனியா பேசினாரு. "லீவு நாள்ல இன்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு. நான் இன்னா சொல்லட்டும்? அஞ்சு நிமிசம் முன்னாடிதான் நீ பொய்ய அவுத்து வுட்டிருந்தே. "தூங்குவேங்க"ன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு, "நானும்தாங்க"ன்னாரு. எனக்கு அவர பிடிச்சிருக்குடா. அதனாலதான் வயிறு எரியுது. பிடிக்கலன்னா உன் பொய்யாச்சு நீயாச்சுன்னு அப்பவே தலை முழுகியிருப்பேன்.

எஃகு குச்சி தனகோடி மாமா கையில வருது. செங்கல்பட்டுக்குப் போ.

ஜெயப்பிரியா


பூஞ்சேரி,
9.3.2025

ஜெயாவுக்கு,

எல்லாரும் நலம். நைனாவுக்கு இருமல் கொறஞ்சிருச்சு.

சும்மா சும்மா செங்கல்பட்டு செங்கல்பட்டுன்னு உயிர எடுக்காதே. ஆமா, பொய்தான் சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு? யாருக்காக சொன்னேன்? நைனாவுக்காக. அவரு என் மூஞ்சிய பாத்தாருன்னு நீயே எழுதியிருக்கியே. எப்படியாவது சமாளிடான்னு கெஞ்சற மாதிரி பாத்தாரு. பெத்தவரு மானத்த காப்பாத்தினது ஒரு குத்தமா? நீ அங்க ஐடி கம்பெனி, ஆஸ்டல்னு ஜாலியா கீறே. இங்க டீக்கடையில, பட்டறையில, கோயில்ல நிக்க வெச்சு கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்றவன் நான்.

உனக்குன்னு ரெண்டு குச்சி வாங்கினேன். ரெண்டையும் மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிட்டே. ஒரு நன்றி கீதா உனக்கு? எந்த குச்சி வேணும்னு பேரு, கம்பெனி, நம்பரு எல்லாம் ஒயுங்கா எழுதி அனுப்பு. வாங்கித் தொலைக்கறேன். அதோட இந்தப் பேச்ச முடிச்சுக்கலாம்.

ஒடம்ப பாத்துக்கோ.

ஹரிஹரன்


பொத்தேரி,
23.3.2025

அண்ணாத்தைக்கு,

நலம். நைனா தேறினதுல சந்தோஷம். அம்மாவ ரொம்ப இழுத்துப் போட்டுகினு வேல செய்ய வேணாம்னு சொல்லு.

குச்சி வாங்கிட்டேன். நீ தொலைக்க வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை சாராளையும் இழுத்துகினு மெட்ராஸ் போனேன். கடைக்காரரு, "யாருக்கும்மா, தம்பிக்கா?"ன்னாரு. எனக்குதான்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, பின்னாடி டேபிள் கீது, அடிச்சுப் பாத்து எடுத்துக்கோன்னாரு. மொதல்ல இருபது அவுன்ஸு. கை இழுத்துகினு வருது, உன் ஈயம் ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன். ரெண்டாவது பதினெட்டு, பட்டுனு வருது, ஆனா வெள்ள பந்து எகிறி தரையில குதிச்சு ஓடிப்போச்சு. சாராள்தான் கவுண்டர் அடியில பூந்து எடுத்தாந்துச்சு. மூணாவது பதினெட்டரை. பூவு, டிசைன் ஒண்ணும் கெடையாது, மொழுக்குன்னு கறுப்பா கீது. அடிச்சேன் பாரு! பந்தெல்லாம் நாலா பக்கமும் ஓடுது, வெள்ள பந்து மட்டும் டேபிள் நடுவுல வந்து அப்படியே நின்னுச்சு. சத்தம் கேட்டு கடைக்காரரு எட்டிப் பாத்தாரு. "இன்னொரு வாட்டி அடிம்மா"ன்னாரு. அடிச்சேன். அதே மாதிரி நின்னுச்சு. அப்ப அவரு என்ன ஒரு பார்வை பாத்தாரு, அந்தப் பார்வைய நான் உன் மூஞ்சியில பாத்து ரொம்ப வருஷம் ஆவுது.

நைனாவுக்காக சொன்னேன்னா, நைனாவையும் கூட்டிகினு செங்கல்பட்டுக்குப் போ. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. இனிமே எனக்கு வாங்கி அனுப்ப உன்கிட்ட ஒண்ணும் இல்ல. செய்ய வேண்டியது ஒண்ணுதான் பாக்கி.

ஜெயப்பிரியா


பொத்தேரி,
15.4.2025

அண்ணாத்தைக்கு,

எல்லாருக்கும் புது வருஷ வாழ்த்து சொல்லு. உனக்கும்தான், போனா போவுது.

மூணு வாரமா உன்கிட்டேர்ந்து பதில் இல்ல. குச்சி இல்லன்னா உனக்கு எழுதவே விசயம் இல்லன்னு இப்பதான் புரியுது. தனகோடி மாமாவ வழியில நிறுத்திக் கேட்டேன். "ஹரி ஒண்ணும் குடுக்கலம்மா, வண்டிகிட்டயே வர மாட்டேங்கறான்"னாரு.

செலக்‌ஷன் முடிஞ்சுது. மொத்தம் நாலு எடம். நான் நாலாவது. கடைசி ஆட்டத்துல ஆறுக்கு ஆறு. மொதல்ல ஏழு கேமு எடுக்கறவங்க டீம்ல. பிரேக் என் கையில. மூணு பந்து விழுந்துச்சு. மீதிய வரிசையா எடுத்தேன். முடிச்சுட்டு வெளிய வந்து பெஞ்ச பாத்தேன். நீ எப்பவும் ஒக்கார்ற பெஞ்சு மாதிரியே ஒண்ணு. யாரோ ஒருத்தரு பேப்பர் படிச்சுகினு இருந்தாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அதுக்கும் உன் மேலதான் கோவம் வந்துச்சு.

இப்ப கேளு. டீம் பேரு இந்த மாசக் கடைசியில பேப்பர்ல வரும். செங்கல்பட்டுலயும் பேப்பர் போடறாங்க. அவங்க அத படிச்சா, பொய் சொன்னவன் நீன்னு ஆவாது, ஏமாத்தினவ நான்னு ஆவும். மாசம் முடியறதுக்குள்ள போ. போவலன்னா எனக்கு அண்ணன் கெடையாது. இத கோவத்துல எழுதல. கோவம் தணிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு எழுதறேன்.

ஜெயப்பிரியா


பூஞ்சேரி,
22.4.2025

ஜெயாவுக்கு,

எல்லாரும் நலம். உன்ன எடுத்தது தெரிஞ்சு அம்மா தெரு முழுக்க சொல்லிட்டு வந்துச்சு.

முந்தாநாள் செங்கல்பட்டுக்குப் போயிட்டு வந்தேன். தனியாத்தான் போனேன். மொதல் பஸ்ஸுல எறங்கி, ஏரிக்கரையிலயே அரை மணி நேரம் நின்னேன். பழம் வாங்கிகினு போனேன். அத குடுக்கறதா வேணாமான்னு தெரியாம மடியிலயே வெச்சிகினு ஒக்காந்திருந்தேன்.

சொல்லிட்டேன். அன்னிக்கு சொன்னது பொய்யிங்க, என் தங்கச்சி ஆடறா, ஸ்டேட் டீமுக்கு எடுத்திருக்காங்கன்னு நீ எழுதின மாதிரியே சொன்னேன்.

ஞானம்மாள் அம்மா என் பக்கம் திரும்பி ஒக்காந்தாங்க. அப்பறம், "தம்பி, நான் அன்னிக்கு தப்பாவா கேட்டேன்?"னாங்க. "எங்க வூட்டுல நான் கேரம் போர்டு ஆடினா இவரு கூட என்கிட்ட நிக்க மாட்டாரு. வர்ற பொண்ணு ஆடுதுன்னு யாரோ சொன்னாங்க, ஆசையா கேட்டேன். நீங்க விட்டுட்டான்னதும் எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு"ன்னாங்க.

நான் பல்லக் காட்டினேன், அப்ப பிரச்சினை இல்லதானுங்களேன்னு. அவங்க வூட்டுக்காரரு திருநாவுக்கரசு சாரு சொன்னாரு, "ஆடறது பிரச்சினை இல்லப்பா. கூடப் பொறந்தவள பத்தியே சிரிச்சுகினே பொய் சொல்றீங்க. இன்னும் இன்னா இன்னா மறைச்சிருக்கீங்கன்னு நாங்க எங்க போயி தேடறது?"

விஷால் கதவுகிட்ட நின்னுகினு இருந்தாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அன்னிக்கு நீங்க சொல்லசொல்லோ அவங்க உள்ளதான இருந்தாங்க? அவங்களுக்கு கேட்டுச்சுதான?" நான் கேட்டுச்சுங்கன்னேன். வேற எப்படி சொல்றது? அவரு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.

இன்னிக்கு காலையில போன் வந்துச்சு. வேணாம்னுட்டாங்க. நைனா இடிஞ்சு போயிட்டாரு.

நீ சொன்னத செஞ்சுட்டேன். இப்ப சந்தோஷமா?

ஹரி


பொத்தேரி,
27.4.2025

அண்ணனுக்கு,

சந்தோஷமான்னு கேக்கறியா? உன் சுத்தி என் கைக்கு எட்டாத தூரத்துல இருக்கறது உன் அதிர்ஷ்டம்.

விஷால் கேட்ட கேள்விக்கு நானே சொல்றேன். கேட்டுச்சு. கேட்டுகினு காபி குடுத்தேன், தூங்குவேங்கன்னு இளிச்சேன். நீ வெட்டின பள்ளத்துல நானே நடந்து போயி விழுந்தேன். ஆனா நீ போயி சொன்னே. அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.

நேத்து நைனாவுக்கு நானே போன் போட்டேன், மூணு மாசம் கழிச்சு. என்ன மன்னிச்சுக்கோங்க நைனா, நான் ஆடறதால உங்களுக்கு அசிங்கமா போச்சுன்னேன். அவரு, "இன்னாம்மா அசிங்கம்?"னாரு. அன்னிக்கு ஏன் நைனா அண்ணன் மூஞ்சிய அப்படி பாத்தீங்கன்னு கேட்டேன். அவரு சொன்னத அப்படியே எழுதறேன்:

"நீ கப்பு வாங்கினது, ஊரு ஊரா போனது எல்லாம் அவன் சொல்லுவான்னு பாத்தேம்மா. எனக்கு அந்த ஆட்டத்து பேரே வாயில நொழைய மாட்டேங்குது. அவன் விட்டுட்டான்னதும், சரி, நீதான் அப்படி சொல்லச் சொல்லி வெச்சிருக்கே போலன்னு கம்முனு இருந்துட்டேன்."

நைனா சமாளிக்கச் சொல்லல. பெருமையா சொல்லச் சொல்லித்தான் பாத்தாரு. அந்த அம்மா ஆசையா கேட்டாங்க. அந்த ரூம்ல நான் ஆடறது யாருக்குமே உறுத்தல.

அப்போ யாருக்காக சொன்னே? நைனாவ இழுக்காத ஒரு பதில் எழுது. இல்ல, எழுதவே எழுதாதே.

ஜெயப்பிரியா


பூஞ்சேரி,
18.5.2025

ஜெயாவுக்கு,

இன்னிக்கு தேதி இன்னான்னு உனக்குத் தெரியும். அம்மா காலையிலேர்ந்து சமையல்கட்ட வுட்டு வெளிய வரல. நைனா வயல்லயே கீறாரு. அவங்க நல்லா கீறாங்கன்னு எழுத எனக்கு கை வரல.

என் தோள்பட்டை நல்லா கீது. எப்பவும் நல்லாதான் இருந்துச்சு. மூணு வருஷமா அம்மா சும்மாத்தான் எண்ணெ தேய்க்குது. சீனு கடைக்கு ஏன் ஆட வர மாட்டேங்கறேன்னு கேக்கறவங்களுக்கு சொல்ல ஒரு வலி தேவைப்பட்டுச்சு.

மூணு வருஷத்துக்கு முந்தி தீபாவளிக்கு சீனு கடையில போட்டி வெச்சானே. ஃபைனல்ல நீயும் நானும். ஏழுக்கு ரெண்டு. நீ ஜெயிச்சதும் மொதல்ல கைதட்டினவன் நான். வண்டியில வரசொல்லோ சூப்பர்டின்னு சொன்னேன். உள்ள பத்திகினு எரிஞ்சுது.

அதுவரைக்கும் கடையில உன்ன ஹரி தங்கச்சின்னு கூப்புடுவானுங்க. மறுநாள்லேர்ந்து என்ன ஜெயா அண்ணன்னு கூப்புட்டானுங்க. வெளையாட்டுக்குதான் சொன்னானுங்க. ஆனா அந்த சிரிப்பு கீது பாரு! ஒரு நாள் பட்டறைக்கு சிலை சொல்ல வந்தவரு கூட, நீங்கதான ஜெயா அண்ணன்னு கேட்டாரு. அந்த சிலைக்கு நான் மூக்க ஒடைச்சுட்டேன், கை தவறின மாதிரி.

அந்த அம்மா கேட்டதும், நீ விட்டுட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தோணிச்சு. வாயில வந்துருச்சு. சொல்லசொல்லோ ருசியா இருந்துச்சு ஜெயா. நான் பயந்து சொல்லல. ஆசைப்பட்டு சொன்னேன். நைனாவுக்கு பயந்தேன்னு நீயே எழுதினதும், நல்லதா போச்சுன்னு அவரு பின்னால போயி ஒளிஞ்சுகினேன்.

குச்சி ரெண்டும் வேணும்னே தப்பா அனுப்பல, சத்தியமா. அது மட்டும் நெசமாவே தெரியாமத்தான் பண்ணேன். குச்சிய குடுத்தா சொன்னது மறைஞ்சுடும்னு நெனைச்சேன்.

நைனாகிட்டயும் இத சொல்லிட்டேன். அவரு சாப்புட்டுகினு இருந்தாரு. தட்ட தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. ஒரு அடி அடிச்சிருக்கலாம்.

மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் இல்ல.

ஹரி


பொத்தேரி,
1.6.2025

அண்ணனுக்கு,

நான் நல்லா கீறேன். நைனா என்கிட்ட தெனம் பேசறாரு, அம்மாவும் பேசுது. உன்கிட்ட நைனா பேசறாரா இல்லியான்னு நான் கேக்கல, அது உங்க பாடு.

உன் லெட்டர ரெண்டு வாரம் வெச்சிருந்தேன். மொத நாள் கிழிச்சுப் போடலாம்னு ஒரு ஓரம் கிழிச்சேன், அப்பறம் சாராள் புடுங்கி வெச்சுகிச்சு.

மூணு வருஷம்டா! உன்கிட்ட தோத்தது எனக்கு பேஜாரா கீது ஜெயான்னு ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா, போடா லூசுன்னு திட்டிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமையே உன்ன திரும்ப ஆடக் கூப்பிட்டிருப்பேன். நீ ஜெயிச்சாலும் ஜெயிச்சிருப்பே. ஒரு நாளு அழுதிருந்தா தீந்து போற விசயம். அத உள்ளயே வெச்சு, பழுக்க வுட்டு, வூடு தேடி வந்த நல்ல மனுசங்க முன்னாடி கக்கினே பாரு! உன் தங்கச்சி சின்னவளா ஆனாதான் நீ பெரியவன்னா, நீ எம்மாம் சின்னவன்னு யோசிச்சுப் பாரு.

எனக்கு ஒரு நல்ல மனுசன் போயிட்டாரு. என் கோவம் தீரல. லெட்டர் எழுதி தீர்ற கோவமும் இல்ல இது.

ஜூன் பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு சீனு அண்ணன் கடைக்கு வா. உன்ன பாத்து சிரிச்சவனுங்க ஒருத்தன் விடாம கூப்புடு, நைனாவ நான் கூட்டிகினு வரேன். மொதல்ல ஏழு கேமு எடுக்கறவங்க ஜெயிச்சாங்க. நான் ஒரு பந்து கூட விட்டுக் குடுக்க மாட்டேன். நீயும் பாவம் பாத்து தோத்துக் குடுக்காதே, குடுத்தா எனக்குத் தெரியும், அங்கயே அடிப்பேன். நல்லா ஆடு. உன்னால எவ்ளோ நல்லா ஆட முடியுமோ அவ்ளோ நல்லா ஆடி, எல்லாரும் பாக்க என்கிட்ட தோத்துப் போ.

ஜெயா